ஜப்பானின் 9ஆம் உறுப்புரை: திருகோணமலை ஏன் கவனிக்க வேண்டும்?

2018ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மார்ச் மாதத்தில், கடலடியில் கிடந்த 'சகாயிங்' என்ற பழைய கப்பலொன்றை இலங்கைக் கடற்படை மேலே மிதக்கச் செய்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் இதே துறைமுகத்தில் தீப்பற்றி எரிந்த கப்பல் அது. பிறகு மூழ்கடிக்கப்பட்டு, அதன் உடல் இறங்குதுறையாகப் பயன்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஜப்பானின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் இட்சுனோரி ஒனோடேரா இலங்கை வந்து, கொழும்பு, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களுடன் திருகோணமலையையும் பார்வையிட்டார். ஜப்பானியப் பாதுகாப்பு அமைச்சர் ஒருவர் இலங்கைக்கு வந்தது அதுவே முதற்தடவை.

இவ்விரண்டுக்கும் இடையில் திட்டமிட்ட தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் 76 ஆண்டு இடைவெளியில் ஜப்பான் இத்துறைமுகத்தை எப்படி அணுகியது என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன. முதலில் குண்டுவீச்சு விமானங்களோடு வந்தது. பின்னர் நண்பனாக, பாதுகாப்புப் பங்காளியாக வந்தது. இந்த மாற்றத்தின் நடுவே நிற்பது ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை. அதைத் திருத்துவதா, விடுவதா என்று டோக்கியோவில் நடக்கும் விவாதம் நமக்குத் தூரத்து விவகாரம்போலத் தெரியலாம். அதன் விளைவுகளில் ஒன்று ஏற்கெனவே இலங்கைக் கடற்படையின் வாசல்வரை வந்துவிட்டது.

1942: துறைமுகம் எரிந்த காலை

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலையின் முறை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 130 விமானங்கள் காலையில் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்றின் மீது ஜப்பானிய விமானம் வந்து மோதியதாகவும், அத்தீ நாட்கணக்கில் அணையாமல் எரிந்ததாகவும் ஊரில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது.

தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும் முந்தைய இரவே துறைமுகத்தைவிட்டு விலகிச் சென்ற 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கடிக்கப்பட்டதில் 307 பேர் இறந்தனர். பிரித்தானியாவின் போரில், ஜப்பானின் குண்டால், இலங்கையின் கரையோர மக்கள் அடிபட்டார்கள். போர் தொடுத்தவர்களும் தொடுக்கப்பட்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள் அல்லர்.

தாக்குதல் நடத்திய ஐந்து கப்பல்களில் மூன்று, இரண்டு மாதங்களுக்குள் மிட்வே சமரில் மூழ்கின. 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன. ஜப்பான் சரணடைந்தது.

1951: சான் பிரான்சிஸ்கோவில் சொல்லப்பட்ட மன்னிப்பு

1951 செப்டெம்பரில், சமாதான உடன்படிக்கைக்கான சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன உரையாற்றினார். விமானத் தாக்குதல்களாலும், பெரும் படைகள் நாட்டில் நிலைகொண்டதாலும், நேசநாடுகளுக்காக இறப்பர் மரங்களை அளவுக்கு மீறிச் சீவியதாலும் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்க இலங்கைக்கு உரிமை உண்டு. ஆனாலும் கேட்கப்போவதில்லை என்றார். புத்தரின் போதனையைத் தனது நியாயமாக முன்வைத்தார். ஜப்பான் சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்றும் வாதாடினார்.

ஜப்பானியத் தலைவர்கள் இலங்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த உரையை நினைவுகூருவார்கள். பிற்காலத்தில் வந்த ஜப்பானியக் கடன்கள், வைத்தியசாலைகள், பாலங்கள் எல்லாவற்றுக்கும் பின்னணியில் அந்த நன்றியுணர்வும் இருந்தது. 1980களில் ஜப்பானியப் பங்காளியுடன் திருகோணமலையில் எழுந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையால், ஜப்பான் என்றதும் நம் ஊரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீமெந்துப் பைதான். குண்டு நினைவிலிருந்து விலகிவிட்டது.

9ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது?

1946 நவம்பர் 3இல் பிரகடனப்படுத்தப்பட்டு, 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்தது ஜப்பானின் இன்றைய அரசியலமைப்பு. அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் எழுதப்பட்டது. அதன் 9ஆம் உறுப்புரையில் இரண்டு பந்திகள் உள்ளன. சர்வதேசப் பிணக்குகளைத் தீர்க்கும் வழியாகப் போரையும், படைபலத்தைப் பிரயோகிப்பதையும் மிரட்டுவதையும் ஜப்பானிய மக்கள் என்றென்றைக்கும் கைவிடுகின்றனர் என்கிறது முதற்பந்தி. அதற்காகத் தரை, கடல், வான் படைகளோ வேறு போர்த்திறனோ வைத்திருக்கப்படமாட்டாது என்கிறது இரண்டாவது.

எழுத்தில் இப்படியிருக்க, நடைமுறை வேறு. கொரியப் போர் தொடங்கிய 1950இல் 'தேசிய பொலிஸ் ஒதுக்குப்படை' என்ற பெயரில் ஒன்று உருவானது. 1954இல் அது தற்காப்புப் படைகளாக மாறியது. இராணுவம் என்று அழைக்காமல், ஆனால் இராணுவத்தின் எல்லா அம்சங்களுடனும் அது வளர்ந்தது. 'தன்னைத்தானே காக்கும் உரிமையை 9ஆம் உறுப்புரை பறிக்கவில்லை' என்பதே அடுத்தடுத்து வந்த அரசுகளின் விளக்கம். அதற்கு ஈடாகச் சில வேலிகளையும் போட்டுக்கொண்டார்கள்: பாதுகாப்புச் செலவு மொத்தத் தேசிய உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் (1976), ஆயுத ஏற்றுமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கும், பிற நாட்டுக்காகப் போரிடமாட்டோம்.

கடந்த கால் நூற்றாண்டாக அந்த வேலிகள் ஒவ்வொன்றாக நகர்த்தப்பட்டு வந்திருக்கின்றன. 2001 முதல் 2010 வரை, ஆப்கானிஸ்தான் போரில் ஈடுபட்ட கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்ப ஜப்பானியக் கடற்படைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் நின்றன. 2011இல் ஜிபூட்டியில் ஜப்பான் ஒரு தளத்தைத் திறந்தது. 2014 ஜூலையில் ஷின்சோ அபேயின் அமைச்சரவை 9ஆம் உறுப்புரைக்குப் புதிய விளக்கம் கொடுத்தது: ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து என்றால், தாக்கப்படும் நட்பு நாட்டுக்கு உதவியாகவும் படைபலத்தைப் பயன்படுத்தலாம். 2015 செப்டெம்பரில் அது சட்டமானபோது பாராளுமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களில் மாணவர்கள் பலர். 2022 டிசெம்பரில், ஐந்தாண்டுகளில் 43 ரில்லியன் யென் பாதுகாப்புச் செலவு, எதிரியின் ஏவுதளங்களைத் திருப்பித் தாக்கும் வல்லமை, 2027க்குள் தேசிய உற்பத்தியின் இரண்டு சதவீதம் என்ற இலக்குகள் அறிவிக்கப்பட்டன.

இவ்வளவும் நடந்தது அரசியலமைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல். திருத்தம் செய்ய இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவும், பின்னர் மக்கள் தீர்ப்பில் பெரும்பான்மையும் வேண்டும். எழுத்தை மாற்றுவது கடினம். விளக்கத்தை மாற்றுவது எளிது. அரசியலமைப்பு விளக்கங்களோடு நீண்ட அனுபவமுள்ள நமக்கு இது புதிய பாடமல்ல.

ஜப்பானியர்கள் என்ன நினைக்கிறார்கள்?

வெளியிலிருந்து பார்க்கும்போது 'அமைதிவாதிகள் எதிர் போர்வெறியர்கள்' என்று இதைச் சுருக்கிவிடத் தோன்றும். உண்மையில் குறைந்தது மூன்று நிலைப்பாடுகள் உண்டு.

முதலாவது, உறுப்புரையைத் தொடவே கூடாது என்பது. கம்யூனிஸ்ட் கட்சியும், இடதுசாரி, குடிமக்கள் அமைப்புகளும், அணுகுண்டுத் தாக்குதலிலிருந்து தப்பியவர்களில் பலரும் இங்கே நிற்கிறார்கள். அத்தகைய தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோ 2024இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. இரண்டாவது, இரு பந்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, தற்காப்புப் படைகள் இருப்பதை மட்டும் எழுத்தில் சேர்ப்பது. 2017இல் அபே முன்வைத்த யோசனை இது. மூன்றாவது, இரண்டாம் பந்தியையே நீக்கி, இராணுவத்தை இராணுவம் என்றே அழைப்பது. முன்னாள் பிரதமர் ஷிகெரு இஷிபா நீண்டகாலம் இதை வலியுறுத்தி வந்தவர். அவரது வாதம் எளிமையானது: இருப்பதை இல்லை என்று எழுதிவைத்திருக்கும் அரசியலமைப்பு எப்படி யாரையும் கட்டுப்படுத்தும்?

மாற்றத்தை ஆதரிப்பவர்களின் அச்சங்கள் கற்பனையானவை அல்ல. வட கொரியாவின் ஏவுகணை 2022 ஒக்டோபரில் ஜப்பானின் மேலாகவே பறந்தது. சென்காகு தீவுகளைச் சுற்றிச் சீனக் கப்பல்கள் தொடர்ந்து நடமாடுகின்றன. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபின், 'அயலவன் வரமாட்டான்' என்ற நம்பிக்கை பலருக்குத் தளர்ந்துவிட்டது. மறுபக்கத்தில், முதியோர் தொகை பெருகி, 2024இல் பிறப்புகள் ஏழு இலட்சத்துக்கும் கீழே போய்விட்ட நாட்டில், ஆயுதத்துக்கான பணம் யாருடைய ஓய்வூதியத்திலிருந்து, யாருடைய வரியிலிருந்து வரப்போகிறது என்ற கேள்வி இருக்கிறது.

2025 ஒக்டோபரில் இந்த விவாதத்தின் திசை கூர்மையானது. ஜப்பானின் முதலாவது பெண் பிரதமராகத் தெரிவான சனாயே தகாய்ச்சி, அரசியலமைப்புத் திருத்தத்தை வெளிப்படையாக ஆதரிப்பவர். பௌத்த அமைப்பொன்றின் ஆதரவுடன் 1999 முதல் லிபரல் ஜனநாயகக் கட்சியின் கூட்டாளியாக இருந்து, பாதுகாப்பு விடயங்களில் ஓரளவு கடிவாளம் போட்டுவந்த கொமெய்டோ கட்சி கூட்டணியைவிட்டு வெளியேறியது. அதன் இடத்துக்கு வந்த இஷின் கட்சி, இரண்டாம் பந்தியை நீக்க வேண்டும் என்ற யோசனையுடன் வந்தது. நவம்பரில், தாய்வானுக்கு எதிராகச் சீனா போர்க்கப்பல்களைப் பயன்படுத்தினால் அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தான நிலையாகக் கருதப்படக்கூடும் என்று பிரதமர் பாராளுமன்றத்தில் கூறினார். சீனா கடுமையாகப் பதிலளித்தது. தன் குடிமக்கள் ஜப்பானுக்குப் பயணம் செய்வதைத் தவிர்க்குமாறு அறிவித்தது.

ரோந்துப் படகிலிருந்து ஆளில்லா விமானம் வரை

இதெல்லாம் திருகோணமலைக்கு எப்படி வந்து சேருகிறது?

ஜப்பான் இறக்குமதி செய்யும் மசகு எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் மத்திய கிழக்கிலிருந்து வருகிறது. அந்தக் கப்பல்கள் இலங்கையின் தென்முனைக்கு அப்பாலுள்ள பாதையால் செல்கின்றன. ஆகவே இலங்கையின் துறைமுகங்களில் யார் செல்வாக்கோடு இருக்கிறார்கள் என்பது டோக்கியோவுக்குத் தன் வீட்டு அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விடயம். அம்பாந்தோட்டை 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனபின் அந்தக் கவலை கூடியது. ஒனோடேராவின் 2018 வருகையை அந்தப் பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கமான மாற்றம் நடந்திருக்கிறது. ஜப்பானின் அபிவிருத்தி உதவி விதிகளின்படி, அந்தப் பணத்தை இராணுவத் தேவைக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் 2018 ஓகஸ்டில் ஜப்பான் வழங்கிய இரண்டு ரோந்துக் கப்பல்கள் கடற்படைக்கு வழங்கப்படாமல், கரையோரக் காவல் திணைக்களத்துக்கு வழங்கப்பட்டன. 9ஆம் உறுப்புரையின் நிழல் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

2023 ஏப்ரலில் ஜப்பான் 'உத்தியோகபூர்வ பாதுகாப்பு உதவி' என்ற புதிய திட்டத்தை உருவாக்கியது. நட்பு நாடுகளின் ஆயுதப் படைகளுக்கே நேரடியாக உபகரணங்களை வழங்குவதற்கான திட்டம் இது. முதலாண்டில் பிலிப்பைன்ஸ், மலேசியா, பங்களாதேஷ், பிஜி ஆகியன தெரிவாகின. பின்னர் இலங்கையும் சேர்ந்தது. 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஜப்பான் சென்றிருந்தபோது, இலங்கைக் கடற்படைக்கு ஆளில்லா விமானங்களை வழங்குவதற்கான ஏற்பாடு இத்திட்டத்தின் கீழ் செய்யப்பட்டது.

உதவியின் பெறுநர் கரையோரக் காவலிலிருந்து கடற்படையாக மாறியிருக்கிறது. தொகையைப் பார்த்தால் இது சிறிய விடயம். ஆனால் ஜப்பானுக்குள் 9ஆம் உறுப்புரையின் வேலிகள் நகர்ந்ததன் தெளிவான அடையாளம் இது.

கடற்படை என்பது இங்கே யார்?

கொழும்பிலோ டோக்கியோவிலோ 'கடற்படையின் கண்காணிப்புத் திறனை வலுப்படுத்தல்' என்பது பொதுவான ஒரு சொற்றொடர். திருகோணமலையில் அப்படியல்ல. கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் இங்கே இருக்கிறது. வெள்ளத்தில் படகோடு வந்து மக்களை மீட்டதும் இதே கடற்படைதான். சட்டவிரோத வலைகளாலும் வெடிவைத்து மீன்பிடிப்பதாலும் தொழில் கெட்டுப்போகிறது என்று கவலைப்படும் மீனவர்கள், கடலைக் கண்காணிக்க யாராவது வேண்டும் என்றே கேட்கிறார்கள். வானிலிருந்து பார்க்கும் கண் அதற்கு உதவலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015 நவம்பரில் இலங்கை வந்த, பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள் இரகசியத் தடுப்பிடம் ஒன்றைப் பார்வையிட்டது. 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டு இந்தத் தளத்தில் வைத்திருக்கப்பட்டதாகக் கூறப்படும் வழக்கு ஆண்டுக்கணக்காக இழுபட்டது. வளைகுடாவின் மறுகரையிலுள்ள சம்பூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த மக்கள், காணிகள் உயர்பாதுகாப்பு வலயமானதால், 2015, 2016 வரை தம் மண்ணில் கால்வைக்க முடியவில்லை. அக்காணிகளின் ஒரு பகுதியில் இருந்தது கடற்படை முகாம்.

ஆகவே, 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் 'யாருக்கு?' என்று கேட்பது இந்த ஊரில் அரசியல் சாதுரியமல்ல. அது அனுபவம்.

ஜப்பானின் திட்டத்திலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. உதவி பெறும் நாட்டின் ஜனநாயகம், சட்டவாட்சி, அடிப்படை மனித உரிமைகள் ஆகியவற்றின் நிலையைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்றும், உபகரணம் வேறு நோக்கத்துக்குப் பயன்படாதவாறு கண்காணிக்க வேண்டும் என்றும் அதன் வழிகாட்டல்கள் கூறுகின்றன. அந்த நிபந்தனைகள் தற்செயலாக வந்தவையல்ல. 9ஆம் உறுப்புரையைக் கைவிட மறுத்து ஜப்பானியர்கள் பல தசாப்தங்களாகக் கேட்ட கேள்விகளே அவற்றை எழுதவைத்தன. எழுதிவைத்தது மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். 2021 மார்ச்சில், போர்க்காலக் குற்றங்கள் தொடர்பான சான்றுகளைத் திரட்டும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஜப்பான் வாக்களிப்பதிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

ஒகினாவாவிலிருந்து ஒரு பாடம்

திருகோணமலையைப் புரிந்துகொள்ள ஜப்பானில் ஓர் இடத்தைத் தேடினால் அது ஒகினாவா. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் மட்டுமேயான அந்தத் தீவுப் பகுதியில், நாட்டில் அமெரிக்கப் படைகள் பிரத்தியேகமாகப் பயன்படுத்தும் தளப்பரப்பின் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. 1945இல் அங்கே நடந்த போரில் குடிமக்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். ஹெனோகோவில் கடலை நிரப்பி அமைக்கப்படும் புதிய தளம் வேண்டுமா என்று 2019 பெப்ரவரியில் கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றனர். நிரப்பும் வேலை நிற்கவில்லை.

போரைக் கைவிடுவதாக எழுதிவைத்த நாட்டில், தேர்தல்கள் ஒழுங்காக நடக்கும் நாட்டில் இது நடந்தது. துறைமுகமும் தளமும் அமைந்த இடத்து மக்களின் குரல், தலைநகரின் கணக்கில் எளிதாகக் கரைந்துபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

திருகோணமலையின் வரலாறும் வேறல்ல. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் இத்துறைமுகம் விடப்படாது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்கள் 99உம் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் கூட்டாக. 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஐக்கிய அரபு அமீரகமும் இணைந்தது. இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் திருகோணமலை மக்களின் ஒப்புதல் தனியாகப் பெறப்படவில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஜப்பான் இங்கே ஒரு தளத்தை அமைக்கப்போகிறது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஜப்பானின் உதவி தீங்கானது என்றும் சொல்லவில்லை. கடன் நெருக்கடியின்போது, கடன்கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியாவுடனும் பிரான்ஸுடனும் இணைந்து தலைமை தாங்கிய நாடு அது. சொல்ல வருவது இதைத்தான்: ஜப்பானின் அமைதி அரசியலமைப்பு இனி ஜப்பானியர்களின் உள்வீட்டு விவகாரமாக மட்டும் இல்லை. அங்கே ஒரு வேலி நகரும்போது, இங்கே கடற்படைக்கு என்ன கிடைக்கிறது என்பதும் மாறுகிறது.

ஆகவே சில கேள்விகளை நாடாளுமன்ற உறுப்பினர்களும் மீனவர் சங்கங்களும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களும் ஊடகங்களும் கொழும்பிடமும் ஜப்பானியத் தூதரகத்திடமும் கேட்கலாம். கடற்படைக்கு வழங்கப்படும் ஆளில்லா விமானங்கள் கடலுக்கு மேல் மட்டும்தான் பறக்குமா, கரையோரக் கிராமங்களுக்கு மேலும் பறக்குமா? அவை எடுக்கும் படங்களை யார் வைத்திருப்பார்கள்? மனித உரிமை நிலையைக் கருத்தில்கொண்டபோது திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் கடந்தகாலமும் கணக்கில் எடுக்கப்பட்டதா? கண்காணிப்பின் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படுமா?

டோக்கியோவில் பாராளுமன்றத்தின் முன் பதாகையோடு நிற்பவர்கள் தங்கள் அரசிடம் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான்: யார் பெயரால், யாருக்கு எதிராக, யாரைக் கேட்டு? அவர்களுக்குத் திருகோணமலை என்ற பெயர் பெரும்பாலும் 1942இன் ஒரு போர்க்களப் பெயராகவே தெரிந்திருக்கும். இன்று அங்கே வாழ்பவர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்துவது, தூதரகத்துக்கு எழுதும் ஒரு கடிதத்திலிருந்தே தொடங்கலாம்.